டிவிக்குப் பின்னால் சிந்துஜா

குடிகாடு கிராமத்துச் சாயங்காலம் பக்கத்து ஆலைகளின் கெமிக்கல் நெடியோடு சன்னலில் நிற்கிறது. விண்வெளித் தொடரை விட்டு டாக்டர் லியானா இன்றோடு போகிறாள். ஒரு வாரம்கூட விடாமல் அவளுக்காகவே பார்த்த சிந்துஜா, இப்போது டிவிக்குப் பின்னால் ஒட்டடைக்குள் முகத்தைக் கொடுத்து, லூசான கேபிள் பின்னை அழுத்திப் பிடித்திருக்கிறாள். விட்டால் படம் போய்விடும். வேர்வையில் விரல் வழுக்குகிறது. மடியிலிருக்கும் முறத்தை மறந்து, அம்மா அமராவதிதான் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். “ராக்கெட்டுல ஏறிட்டாடி. கதவு மூடப்போவுது. எல்லாரும் அழுவுறாங்க.” “அவ அழுவுறாளாம்மா?” “இல்ல. திரும்பிப் பாக்குறா.” “அப்புறம்? சொல்லும்மா!” “நம்மளப் பாத்துக் கை காட்டுறாடி!” சிந்துஜாவின் கை தன்னையறியாமல் பின்னை விட்டு உயர்ந்து, வெறும் சுவரைப் பார்த்து ஆடுகிறது. திரை முழுக்கப் புள்ளிகள் இரைகின்றன.