கண்டக்டரின் மாத்திரை

"கையெழுத்தெல்லாம் போட முடியாதும்மா. ஆளை விடுங்க!"

ஐந்தாவது மாடி கண்டக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். குடியிருப்புச் செயலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் மூச்சிரைக்க மாடியேறி வந்தது இதைக் கேட்கவா?

மனுஷனுக்குச் சட்டம் தெரியாதா என்ன? ஆயுள் மாத்திரை வந்ததிலிருந்து யாரும் லேசில் சாவதில்லை. ஊரில் கால் வைக்க இடமில்லை. ஒரு கட்டடத்தில் ஒருவர் மாத்திரையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் அங்கே ஒரு குழந்தைக்கு அனுமதி. இல்லாவிட்டால் பெற்றவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஊரை விட்டே போக வேண்டியதுதான்.

மூன்றாவது மாடி தையல்காரிக்கு இது எட்டாவது மாசம். பாவம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இந்தப் பொண்ணு முகத்தைப் பாருங்க. உங்களுக்குப் பொண்டாட்டியா, பிள்ளையா? யாருக்காக உயிரைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"டிக்கெட் வாங்கினவனைப் பாதி வழியில இறங்கச் சொன்னா எப்படிம்மா?" கண்டக்டர் சிரித்தார்.

"சிரிக்காதீங்க, பத்திக்கிட்டு வருது! எங்கப்பாவைப் பாருங்க. என் மக பிறக்கணும்னு எட்டு வருஷம் முன்னாடியே விட்டுக்கொடுத்தார். நிறுத்தினா ரெண்டு மாசம் தாங்க மாட்டார்னு டாக்டருங்க பயமுறுத்தினாங்க. என்ன ஆச்சு? தொண்ணூத்தாறு வயசு, கல்லு மாதிரி இருக்கார்!"

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, மென்று விழுங்கினார்.

"உங்கப்பா வேற, நான் வேறம்மா."

"ஆமா, வேறதான். அவருக்கு மனசு இருக்கு. உங்களுக்கு இல்லை."

மேஜைமேல் கேரம் காய்ப் பெட்டி. பக்கத்தில் இந்த மாச மாத்திரை, உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. செயலாளர் லபக்கென்று அதை எடுத்துக்கொண்டாள்.

"ஐயோ, அதை வச்சிடும்மா!" கண்டக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கால்ல வேணும்னாலும் விழறேன். மாசத்துக்கு அது ஒண்ணுதான் தருவாங்க!"

"அடேயப்பா! எழுபத்தொரு வயசுல உயிர் மேல இவ்வளவு ஆசையா? தூ!"

"அக்கா, வேணாம்க்கா..." தையல்காரி பதறினாள்.

யார் கேட்டது? உறையைக் கிழித்து, மாத்திரையை வாஷ்பேசினில் போட்டு, குழாயைத் திருகிவிட்டாள் செயலாளர். கண்டக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே லிஃப்ட் கதவு திறந்தது. கைத்தடிச் சத்தம். தையல்காரி நகர்ந்து வழிவிட, செயலாளரின் அப்பா சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார். மூலையில் வாஷ்பேசின் பக்கம் நின்ற மகளை அவர் கவனிக்கவில்லை.

"என்னப்பா கண்டக்டர், ஒண்ணாந்தேதின்னா பத்து மணிக்கெல்லாம் கேரம் ஆட வந்துடுவியே? மூச்சு இழுக்குதுப்பா. நீ ஒண்ணுகூடப் போட்டுக்காம எட்டு வருஷமா எனக்கே கொடுக்கறே, உனக்கு நான் என்ன கைம்மாறு செய்யப் போறேன்! சீக்கிரம் கொடு, என் பொண்ணு வர்றதுக்குள்ள முழுங்கிடறேன். அப்பா தியாகின்னு ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியறா. தெரிஞ்சா நொந்துபோயிடுவா."



செயலாளர் வாஷ்பேசின் ஓட்டைக்குள் விரலை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள்.