முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாய்

“பிளாஸ்டிக் பீப்பாயை இந்த மிஷின்ல தேடச் சொன்னா நான் என்ன பண்றது, அண்ணி? இரும்பு, செம்புன்னா கத்தும். பிளாஸ்டிக்குக்கு வாயே திறக்காது” என்றான் ஒகினோ.

மசுமிக்கு மனசு விட்டுப் போயிற்று. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், அவளையும் சேர்த்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேர், ஐம்பது வயதில் தாங்களே படிக்க ஆளுக்கொரு கடிதம் எழுதி, முள்ளங்கி ஊறுகாய்ப் பீப்பாயில் போட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு இந்த மைதானத்தில் புதைத்தார்கள். மரத்தடி என்று எல்லோருக்கும் ஞாபகம். எந்த மரம் என்பதில்தான் சண்டை. இரண்டு நாளாகத் தோண்டிய பதினோரு குழியிலும் வேர்தான் கிடைத்தது. பள்ளியை மூடி வருஷமாகிறது; நாளைக் காலை புல்டோசர் வருகிறது.

அன்று குழி வெட்டிய அவள் கணவர் கட்சுயா உயிரோடு இருந்தால் இடத்தைக் காட்டியிருப்பார். மசுமிக்கு வேண்டியதும் அவர் கடிதம்தான். ‘ஐம்பது வயதில் உன் பக்கத்தில் யார் இருப்பார்?’ என்று ஆசிரியை எழுதச் சொன்ன கடிதம். பிறகு மசுமியையே கட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் வாழ்ந்த மனுஷன், உன்னைப் பிடிக்கும் என்று ஒரு நாளும் வாய் திறந்து சொன்னதில்லை. கேட்டால், மீன் குழம்பு நன்றாக இருக்கிறது என்பார்.

நிலத்தடிக் குழாய் தேடும் வேலையில் ஒகினோவுக்கு மூத்தவர் அவர். போன இலையுதிர்காலம் நோய் முற்றியபோது, இரண்டு பேருமாகப் போய்த் தோண்டிவிடலாம் என்று அவள் கெஞ்சினாள்.

“பதினேழு பேருக்குக் குடுத்த வாக்கு. சொன்ன வருஷத்துக்கு முன்னாடி எடுக்கக் கூடாது” என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் போன பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வந்ததற்குத் தண்ணீர்க் குழாயாவது எங்கே போகிறதென்று பார்த்து வைக்கிறேன், உடைத்துத் தொலைக்காமல் இருப்பீர்கள் என்றான் ஒகினோ. பள்ளிக் குழாயடியில் கருவியின் ஒரு முனையை மாட்டிவிட்டு, மறுபாதியைத் தரையோடு ஆட்டிக்கொண்டே, அது கத்திய இடமெல்லாம் நீலப் புள்ளி வைத்து நடந்தான். பாதியில் நின்றான்.

“இங்க ஒரு கிளை பிரியுது. வரைபடத்துல இல்லையே.”

சாராயக்கடை நாகாய், “நம்ம ஹெட்மாஸ்டர் பீர் குழாய் போட்டிருப்பார்” என்று சிரித்தான். அவனும் அதே வகுப்புதான்.

கிளை நேராக ஊஞ்சல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றது. அங்கே மரமே இல்லை. எப்போதோ வெட்டிய அடிக்கட்டைதான் இருந்தது. மசுமி மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். முழங்கை ஆழத்தில் பீப்பாயின் மூடி தெரிந்தது. அன்று ஒட்டிய நாடா பிரியவே இல்லை. நாகாய் மற்றவர்களுக்குப் போன் போட ஓடினான். மசுமி குழந்தை முகத்தைத் துடைப்பதுபோல மூடியைத் துடைத்தாள்.

ஒகினோ மட்டும் பீப்பாயின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தான். அதில் மெல்லிய செம்புக் கம்பி இரண்டு சுற்று சுற்றியிருந்தது; அதன் மறுமுனை மண்ணுக்குள்ளேயே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போனது.

“பிளாஸ்டிக் குழாய் புதைக்கறப்ப, பின்னாடி தேடி வர்றவங்களுக்கு மிஷின்ல கேக்கணும்னு கூடவே இந்தக் கம்பியைப் போடுவோம், அண்ணி. போன இலையுதிர்காலத்துல, நிக்கக்கூட முடியாத நிலைமையில, வீட்டு வேலைக்குன்னு சொல்லி அண்ணன் எங்கிட்ட ஒரு சுருள் வாங்கிட்டுப் போனார்.”