வீட்டுக்குள் மழை

"தம்பி, கண்ணாடிக்காரன் ஏணியச் சாத்திட்டான். மூடவா, வேணாமா? ஒரு வார்த்தை சொல்லு லா!"

பவித்திரன் கைப்பேசியைச் சமையல் மேடையில் சாய்த்து வைத்தான். முகம் கழுவியாகிவிட்டது. கெட்டிலைத் தட்டினான். ரொட்டியை டோஸ்டரில் போட்டான். லண்டனில், ஆர்ச்வே பகுதியில் இன்னும் விடியவில்லை. திரையில் பினாங்கின் பிற்பகல் வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

"மூட வேணாம்ணே."

"சொல்றது சுலபம். மேடம் பக்கத்துலயே நிக்கிறாங்க."

கோபாலகிருஷ்ணன் அங்கே காண்டிராக்டர். பழைய சீன வியாபாரி ஒருவரின் மாளிகை ஹோட்டலாகிக்கொண்டிருந்தது. மேடம் அந்த வியாபாரியின் பேத்தி. வரைபடங்கள் எல்லாம் லண்டனில் இருந்தபடி பவித்திரனும் அவன் மனைவி வான்மதியும் போட்டவை. வான்மதி கோடையில் இறந்துபோனாள். வீட்டு நடுவில், வானம் பார்த்த முற்றம் ஒன்றுதான் பாக்கி. அதற்கு மேலே கண்ணாடிக் கூரை வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக இருந்தார்.

"வர்றவங்க பெட்டி நனையுமாம். கொசு வருமாம். ஏர்கான் குளிர் நிக்காதாம்."

"உள்ள விழுற மழை செல்வம்னு நம்பித்தானே அவங்க தாத்தா அப்படிக் கட்டினார்? அதச் சொல்லுங்கண்ணே."

"அவங்க ஹொக்கியன் சீன பாஷையிலயே சொல்லிப் பாத்துட்டேன் தம்பி. 'அந்தச் செல்வத்த நான் ரூம் வாடகையில பாத்துக்கிறேன்'ங்கிறாங்க."

பவித்திரன் சிரிக்கவில்லை. ரொட்டி எழும்பி வந்தது. வெண்ணெய் தடவினான்.

"எனக்கும் அத மூட மனசில்ல லா," என்றார் கோபாலகிருஷ்ணன் மெதுவாக. "முதல் தடவை அளவெடுக்க வந்தீங்களே, ஞாபகம் இருக்கா? அப்ப உங்களுக்குக் கல்யாணம் ஆகல. மழை கொட்டுது, ரெண்டு பேரும் முற்றத்து நடுவுல நிக்கிறீங்க. குடை கொண்டாரவான்னு கேட்டேன். வேணாம்னு ஒரே குரல்ல கத்துனீங்க. சரி, கல்யாணச் சாப்பாடு உறுதின்னு அன்னிக்கே நெனச்சேன்."

பவித்திரனுக்கு அந்த மழையின் வாசனைகூட நினைவிருந்தது. ஓட்டு விளிம்பிலிருந்து நான்கு பக்கமும் தண்ணீர் சுவராக இறங்கியது. வான்மதி செருப்பைக் கழற்றி எறிந்தாள். அளவு நாடா அவன் கையில் ஊறியது. ஓர் அளவும் எடுக்கவில்லை.

"தம்பி, ஆள் ஏறப் போறான்."

"அண்ணே, மேடம்கிட்ட சொல்லுங்க." பவித்திரன் கத்தியைக் கீழே வைத்தான். "முற்றத்தைத் திறந்தே விடணும். வான்மதி கடைசியாச் சொன்னது அதுதான்."

 கோபாலகிருஷ்ணன் திரும்பி ஹொக்கியனில் சொன்னார். மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். கையசைத்துச் சுருக்கமாக ஏதோ சொன்னார்.

"என்னண்ணே?"

"போறவங்க கடைசியாச் சொன்னத மீற முடியாதாம். தாத்தா சாகும்போது சொன்னாருன்னு அவரோட நாற்காலியையே இன்னும் அந்த இடத்த விட்டு நகத்தலயாம். முற்றம் திறந்தே இருக்கட்டும்னுட்டாங்க. ஏணி இறங்குது லா! பாத்தியா, அந்த நேரத்துலயும் வேலை ஞாபகம் அந்தப் பொண்ணுக்கு!"

அங்கே மழை பிடித்துக்கொண்டது. கோபாலகிருஷ்ணன் கைப்பேசியை முற்றத்தின் பக்கம் திருப்பினார். நான்கு பக்கமும் தண்ணீர் இறங்கியது. பவித்திரன் நின்றபடியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"திறப்பு விழாவுக்கு வருவேல்ல?"

"வர்றேண்ணே. மழைக் காலத்துல வைக்கச் சொல்லுங்க."

"நல்லாக் கேட்ட போ! வர்ற கூட்டமெல்லாம் நனையவா?" என்று சிரித்துக்கொண்டே அவர் அழைப்பைத் துண்டித்தார்.

ரொட்டி ஆறிப்போயிருந்தது. பவித்திரன் அதைத் தின்றான். கோட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினான்.

கோடையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவன் விரலைப் பிடித்துக்கொண்டு வான்மதி கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கண்ணாடி போட்டு மூடச் சொல்லிடு, பவி. இல்லேன்னா நீ தனியாப் போய் அங்க நனைஞ்சுட்டு நிப்பே."