பட்டியலில் ஒரு பெயர்

நெடுமாறனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிவிட்டார்கள். முத்தியால்பேட்டை வீட்டு மாடியறையில் மாலை வெயில் அவன் கீபோர்டில் சாய்ந்து, எழுத்து தேய்ந்த பொத்தான்களை மட்டும் மினுக்குகிறது. அவன் நாற்காலியில் உட்கார மனம் வராமல் மெரின் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பை விரிக்கிறாள். உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ளும் ஓர் இயங்குதளத்தில், பழைய பிரிண்டர்களை ஓடவைக்கும் நிரலை ஒன்பது வருடமாக அவனும் அவளும்தான் பார்த்துவந்தார்கள். பொறுப்பாளர் பட்டியலிலிருந்து அவன் பெயரை எடுத்து, நன்றிக்குரியவர் பட்டியலில் சேர்க்க வேண்டும். காரியம் முடியட்டும் என்று இதுவரை தள்ளிப்போட்டாள். மில் இரைச்சலில் காது மந்தமாகிப்போன அவன் அப்பா பலராமன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். சட்டைப்பையில் மகனின் செல்போன். தினமும் மறக்காமல் சார்ஜ் போடுகிறார்.

“அவன் வேல எதுனா பாக்கி இருக்காம்மா?”

“ஒண்ணே ஒண்ணுதாம்பா,” என்று உரக்கச் சொல்கிறாள். “முடிச்சிடுறேன்.”

ஒரு வரியை அழிக்கிறாள். இன்னொரு கோப்பில் அதே பெயரை எழுதுகையில் விரல் இரண்டு முறை தவறுகிறது. எந்தத் திருத்தமானாலும் ஒப்புதல் கேட்டுப் பொறுப்பாளர்கள் எல்லோருக்கும் தானாகவே மடல் போகும். திருத்தம் ஏறும்வரை, அவன் பெயரும் உள்ள பழைய பட்டியல்தான் நடப்பில் இருக்கும். அதை மறந்து அனுப்பிவிடுகிறாள். பலராமனின் நெஞ்சோரம் போன் அதிர்கிறது. பதறி எடுத்து, கையை எட்ட நீட்டிப் பார்த்துவிட்டு, அவளிடம் கொடுக்கிறார்.

“அவனுக்கு லெட்டர் வந்துருக்கும்மா. என்னா கேக்குறாங்கன்னு படிச்சி சொல்லு.”