களிசான் துணியில் ஒரு பை

கொட்டாஞ்சேனைச் சோதனைச் சாவடியில் வெயில் தகரக் கூரையை வறுத்தெடுக்கிறது. சீனியம்மாவின் தோளில் துணிப்பை தொங்குகிறது. ‘சுற்றாடலைக் காப்போம், இனி ஷொப்பிங் பேக் சும்மா இல்லை’ என்று பலீல் நானா கடையில் அட்டை மாட்டிய அன்றே, புருஷன் இராமரின் பழைய களிசானை வெட்டி அவள் தைத்த பை அது. காற்சட்டையின் பொக்கெட்டும் பொத்தானும் அப்படியே இருக்கின்றன. முன்பெல்லாம் மெல்லிய பேக்குக்குள் கத்தரிக்காய் வெளியிலேயே தெரியும். ஆமிக்காரன் போகச் சொல்லிக் கையசைப்பான். இன்று கத்தரிக்காய், கருவாடு, தேங்காய் எல்லாம் மேசையில் அணிவகுத்து நிற்கின்றன. அவன் பொக்கெட்டின் பொத்தானையும் கழற்றிக் கையை விடுகிறான். ஓர் அடையாள அட்டை வருகிறது. வரிசை எட்டிப் பார்க்கிறது.

“மே கவுத?” யார் இது என்கிறான்.

“அப்பே மஹத்தயா” என்கிறாள் சீனியம்மா. எங்க வீட்டுக்காரர். பையில் தெரியும் முழங்கால் ஒட்டுத்துணியைத் தொட்டுக் காட்டுகிறாள். அவன் படத்தையும் பையையும் மாறிமாறிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அட்டையை அவளிடம் நீட்டுகிறான்.

அட்டையைத் தொலைத்த மூன்று வாரமாய், பொலிஸில் முறைப்பாடு எழுதி வாங்கிய துண்டோடு வேலைக்குப் போய், சாவடிகளுக்குப் பயந்து பொழுது சாயுமுன் வீடு திரும்பி, சாராயத் தவறணைப் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் தேங்காய் துருவித் தரும் மனிதர் இராமர்.

“கெடச்சிட்டே! ஓடிப்போய் குடுங்க” என்கிறாள் பின்னால் நிற்கும் பக்கத்து வீட்டு றஸ்மியா.

“குடுக்கத்தான் வேணும்.” சீனியம்மா அட்டையைப் பொக்கெட்டிலேயே போட்டுப் பொத்தானை மாட்டுகிறாள். “நாளைக்குத் தீவாளி. அது முடியட்டும்.”