முதல் சாவி

"சாவி குடுக்குத வாட்ச்தான் வேணும் அண்ணாச்சி."

கடைக்கார அருணாசலத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊரே பேட்டரி வாட்ச்சுக்கு மாறிக்கொண்டிருந்த நேரம். ரதவீதியில் அவர் கடைக்கு வந்து இப்படி யாரும் கேட்டு ரொம்ப நாளாச்சு.

காலையில் வீட்டம்மாவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு கடை திறந்தவருக்கு அதுதான் அன்றைய முதல் சிரிப்பு.

"யாருக்கு வே? உமக்கா?"

"வீட்டுக்காரிக்கு."

வந்தவர் பூதலிங்கம். விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கையிலும் வாட்ச் இல்லை.

"எங்க வீட்டுக்கே இதுதான் மொத வாட்ச் அண்ணாச்சி. ஊர்ல மில்லுச் சங்கு ஊதும். அத வச்சுத்தான் நான் ஷிப்டுக்கு ஓடுவேன், அவ பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் போவா. இப்ப வைத்தியத்துக்காக டவுணுக்குக் குடி வந்துட்டோம். இங்கன ஏது சங்கு?"

"வைத்தியமா? யாருக்கு?"

"அவளுக்குத்தான். வாதம் அடிச்சு வலது கை விழுந்துட்டு."

எடுத்த வாட்ச்சை அப்படியே கீழே வைத்தார் அருணாசலம்.

"நல்ல ஆளுவே நீரு! வலது கை வராதவங்களுக்குச் சாவி குடுக்குத வாட்ச்சா? இடது கையில கட்டிட்டு எத வச்சுத் திருகுவாங்க? இந்தா, இது பேட்டரி. கையில கட்டினா கட்டினதுதான். அதுபாட்டுக்கு ஓடும். யாரும் தொட வேண்டாம்."

"அது வேண்டாம் அண்ணாச்சி."

ஆளை எடைபோடுவதில் அருணாசலம் கெட்டிக்காரர் என்று பெயர். பெயர் வைத்தது அவரேதான். 'சரியான கஞ்சப்பிசினாரி. பழைய சரக்கு மலிவாக் கெடைக்கும்னு வந்திருக்கான்' என்று இப்போதும் எடைபோட்டார்.

"இருக்கதுலயே ஒசந்த மெஷினாக் காட்டுங்க" என்றார் பூதலிங்கம். "வெலையப் பத்திக் கவலையில்ல. ஆயுசுக்கும் ஒழைக்கணும்."

எடை தப்பிவிட்டது. அருணாசலம் பூட்டைத் திறந்து, பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த சுவிஸ் வாட்ச்சை எடுத்தார். பின்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த சிவப்புக் கற்களைக் காட்டினார். பதினேழு கல் மெஷின். பூதலிங்கம் குனிந்து, மில்லில் மெஷின் பார்த்த பழக்கத்தில் ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்தார்.

"இதயே குடுத்திருங்க."

"சரி, உம்ம இஷ்டம். இந்த ஸ்பிரிங் செயினாவது போட்டுத் தாரேன். மேசையில வச்சுக் கைய நுழைச்சா வளையல் மாதிரி ஏறிரும். யார் தயவும் வேண்டாம்."

"செயின் வேண்டாம். தோல் வார் போடுங்க. பக்கிள் வச்சது."

அருணாசலத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"அத ஒத்தக் கையால மாட்ட முடியாதுவே!"

"தெரியும்."

"சாவியும் குடுக்க முடியாது!"

"அதுவும் தெரியும் அண்ணாச்சி."

"தெரிஞ்சேவா? கட்டின பொண்டாட்டி மேல அப்படி என்னவே வன்மம் உமக்கு? முடியாதவங்க கையில இத மாட்டிவிட்டு, அவங்க திண்டாடுதத வேடிக்க பாக்கணுமா? ஒம்ம யாவாரமே எனக்கு வேண்டாம். வேற கடையப் பாரும்!"

வாட்ச்சை உள்ளே வைத்து அலமாரியைச் சாத்தினார்.

பூதலிங்கம் நகரவில்லை. பைய ஆரம்பித்தார்.

"எம் வீட்டுக்காரி ஒலகம்மா ஒருத்தர் கையையும் எதிர்பாக்காத பொம்பள அண்ணாச்சி. இப்பவும் ஒத்தக் கையாலயே எல்லாம் செய்யுதா. நான் சோறு பெசஞ்சு குடுத்தா தட்டத் தள்ளிருதா. எந்திரிக்கையில பிடிச்சா ஒதறுதா. 'உங்களுக்குப் பாரமா இருக்க மாட்டேன்'ங்கா. அப்படியே பேச்சும் கொறஞ்சு போச்சு. வீட்டுல ரெண்டு பேரு இருக்கோம். ஆனா ஆளு இருக்க வீடு மாதிரியே இல்ல."

அருணாசலம் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்தினார். பூதலிங்கம் நின்றபடியே சொன்னார்.

"மாத்திர போடுததுக்கு மட்டும் 'மணி என்ன'ம்பா. நான் பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போயிப் பாத்துட்டு வந்து சொல்லுவேன். இப்பல்லாம் எங்கிட்ட அவ பேசுத பேச்சு அது ஒண்ணுதான். நேத்து சொல்லுதா, 'ஒரு வாட்ச் வாங்கியாங்க, இனி மணி கேட்டும் உங்கள அலைய விட மாட்டேன்'னு."

பூதலிங்கம் மேசைமேல் கிடந்த பேட்டரி வாட்ச்சைக் காட்டினார்.

"பேட்டரி வாட்ச் வாங்கிட்டுப் போனா, அந்த ஒத்தப் பேச்சும் போயிரும்லா? இதுன்னா தெனம் காலைல வார் மாட்டவும் சாவி குடுக்கவும் எங்கிட்ட கைய நீட்டித்தான ஆகணும்? ஏன் இத வாங்கினீங்கன்னு வைவா. வையட்டும். வஞ்சாலும் பேச்சுதான அண்ணாச்சி?"

காலையில் வீட்டில் வாங்கிய வசவு அருணாசலத்துக்கு ஞாபகம் வந்தது.

அலமாரியைத் திறந்தார். இருந்ததிலேயே மெத்தென்ற தோல் வாராகப் பார்த்து மாட்டினார். சாவி கொடுத்து, மணி வைத்து, ஓடவிட்டுத்தான் எந்த வாட்ச்சையும் கையில் தருவார். அதுதான் அந்தக் கடை வழக்கம். பழக்கதோஷத்தில் விரல் சாவிக்குப் போனது. சட்டென்று எடுத்துக்கொண்டார்.

ஓடாத வாட்ச்சை டப்பாவில் வைத்து நீட்டினார்.

"மொதச் சாவிய அவங்க கையப் பிடிச்சுக்கிட்டு நீரே குடும்வே."