அசையாத சிவப்பு கார்

காலை வெயில் ஷெட்டுக்குள் சாய்ந்து விழ, பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நான்கு இரும்பு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. போன மாதம் அதன் துருப்பிடித்த அடித்தகட்டில் ஜாக்கி வைத்துத் தூக்கி ஓட்டை போட்டவள்தான் நர்ஸ் வேலை பார்க்கும் அக்கா. "இன்னைக்கும் சொதப்பினா வண்டி பழைய இரும்புக்குத்தான். பேச்சு மாறக்கூடாது" என்று கைகட்டி நிற்கிறான் அவள் தம்பி. இன்று அவள், ஊசி போட நரம்பு தேடுவதுபோல் விரலால் தடவித் தடவி, துருப்பிடிக்காத கெட்டியான அடிச்சட்டத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கிறாள். அடியில் நுழையுமுன் தோளைக் கொடுத்து வண்டியைப் பலமாக உலுக்குகிறாள். "ஐயோ அக்கா, விழுந்துடப் போகுது!" "விழறதா இருந்தா இப்பவே விழட்டும்டா, நான் வெளியில இருக்கறப்பவே!" கதவுக் கண்ணாடி மட்டும் கிணுகிணுக்கிறது, வண்டி மலைபோல் நிற்கிறது. மல்லாந்து அடியில் நகர்கிறாள். கிரீஸ் படிந்த கை ஒன்று வெளியே நீள்கிறது. "அந்த ஸ்பேனரை எடுங்க, பழைய இரும்புக்காரரே!"